ஸ்போர்ட்ஸ் காரின் கம்பெனிச் சக்கரங்களுக்கு ஸ்பேசர் பொருத்தும் முறை: வத்தல்மலைச் சாலையை முன்வைத்து

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே வைத்து இறுக்கப்படும், துல்லியமாகக் கடைந்தெடுக்கப்பட்ட அலுமினியத் தட்டுக்கு ஸ்பேசர் என்று பெயர். ஹப் என்பது அச்சின் முனையில் பேரிங்கின்மேல் சுழலும், சக்கரத்தைத் தாங்கும் பகுதி. தட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளிப்புறமாகத் தள்ளி நிற்கும் என்பதால், மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கம்பெனிச் சக்கரத்தை, ரிம்மையும் டயரையும் மாற்றாமலேயே, மட்கார்டின் விளிம்போடு நேராகக் கொண்டுவர அது உதவுகிறது. இந்தியாவில் விற்கப்பட்ட போர்ஷே 718, பி.எம்.டபிள்யூ. இசட்4, ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார்களின் உரிமையாளர்கள் முதலில் நாடும் மாற்றங்களில் இதுவும் ஒன்று. செலவு குறைவு, பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

கம்பெனிச் சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்பது தயாரிப்பாளரின் கவனக்குறைவால் அன்று. மழைக்காலத்தில் சேறு தெறிக்காமல் இருக்கவும், குளிர்நாடுகளில் டயர்மேல் சங்கிலி சுற்ற இடம் இருக்கவும், பேரிங்கின்மேல் விழும் சுமை அளவோடு இருக்கவும் கணக்கிட்டே அந்த இடம் விடப்படுகிறது. அந்தக் கணக்கு ஆஃப்செட் என்ற ஓர் எண்ணில் அடங்கியுள்ளது: ரிம்மின் அகலத்துக்கு நடுவே செல்லும் கற்பனைக் கோட்டுக்கும், ஹப்பில் சக்கரம் படியும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரமே ஆஃப்செட். ரிம்மின் உட்புறத்தில் ஈ.டி. என்ற எழுத்துகளோடு அது பொறிக்கப்பட்டிருக்கும். ஈ.டி. 50 என்று உள்ள சக்கரத்துக்குப் பின்னால் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், அது ஈ.டி. 35 உள்ள சக்கரம் போல நிற்கும்.

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள வத்தல்மலையை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. காப்பியும் மிளகும் விளையும் அந்த மலைமேல் உள்ள ஊர்களுக்குச் செல்லும் ஒடுங்கிய சாலை, இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஸ்பேசர் வைத்த சக்கரம் எங்கே உரசும் என்பது சமதளத்தில் கார் நிற்கும்போது தெரியாது. ஸ்டியரிங் கடைசிவரை திரும்பியிருக்க, கார் ஒருபுறம் சாய்ந்து வெளிச்சக்கரத்தின் சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கியிருக்க, அதே நொடியில் டயர் ஒரு பள்ளத்திலோ தார் விளிம்பிலோ இறங்கும்போதுதான் தெரியும். தருமபுரி வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் வாய்க்காத இந்தச் சேர்க்கை, வத்தல்மலை ஏற்றத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாய்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஸ்பேசரின் கனத்தை வாசலில் நிற்கும் காரின் அழகை வைத்து முடிவு செய்யாமல், வளைவில் அமுங்கிய சக்கரத்தின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே பின்வரும் படிகள் அனைத்துக்கும் அடிப்படை.

ஆதாயம் எவ்வளவு என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. வளைவில் உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை, காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், வளைவின் வேகம் ஆகியவற்றோடு கூடியும், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தோடு குறைந்தும் அமைகிறது. அகலம் 1,500 மி.மீ. உள்ள ஓர் அச்சில் பக்கத்துக்கு 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அகலம் 1,530 மி.மீ. ஆகும், மாறும் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். நல்ல டயர் தரும் வேறுபாட்டுக்கு முன் இது அற்பம். "ஸ்பேசர் போட்டதும் கார் தண்டவாளத்தில் போவது போல் போகிறது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குக் கிடைத்த நிறைவைக் கையில் உணர்ந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். தோற்றத்துக்காகச் செய்வதைத் தோற்றத்துக்காக என்று ஒப்புக்கொண்டு செய்தால், கனமான தட்டைத் தேடும் ஆசை தானே தணியும்.

கொடுக்கும் விலையும் உண்டு. சக்கரம் வெளியே நகர நகர, பேரிங்கின்மேல் விழும் நெம்பு விசை கூடும். முன்சக்கரத்தில் ஸ்கிரப் ரேடியஸ் எனப்படும் அளவும் மாறும்: ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் படியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் அது. முன்பக்கம் 10 மி.மீ. தட்டு வைத்தால் டயரின் நடு அந்தப் புள்ளியைவிட்டு 10 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். எதிரே பேருந்து இறங்கிவரும்போது மலைச்சாலையில் இடதுபுறச் சக்கரத்தைத் தாரைவிட்டு இறக்க நேரும் ஒவ்வொரு முறையும், ஸ்டியரிங் கையிலிருந்து வெட்டி இழுப்பது போல் தோன்றுவதற்கு இதுவே காரணம். பின்சக்கரத்துக்கு 15 மி.மீ. வைத்தாலும் முன்சக்கரத்துக்கு அதைவிடக் குறைவாக வைப்பதோ, ஒன்றும் வைக்காமல் விடுவதோ அறிவுடைமை. போர்ஷே நிறுவனமே 997 தலைமுறை 911-க்கும் 987 தலைமுறை பாக்ஸ்டர், கேமேன் கார்களுக்கும் ஸ்பேசரை நீளமான போல்ட்டுகளோடு சேர்த்து விற்றது. அதன் கனம் 5 மி.மீ. மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றால் எந்த வாதமும் எடுபடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலைக் கையில் வாங்கிய பின்பே வேலையைத் தொடங்குவது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

முதற்படி அளவெடுத்தல். காரைச் சமதளத்தில், வழக்கமான காற்றழுத்தத்தோடும், டாங்கில் பாதி பெட்ரோலோடும், ஸ்டியரிங் நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு நூலை, சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே மட்கார்டின் வெளிவிளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைத்த பக்கச்சுவருக்கும் உள்ள இடைவெளியை, ஹப்பின் மட்டத்தில் ஒருமுறையும் டயரின் மேற்பகுதியில் ஒருமுறையும் எஃகு அளவுகோலால் அளக்க வேண்டும். கேம்பர் எனப்படும் சாய்வினால் டயரின் மேல்பாகம் சற்று உள்வாங்கியிருப்பதால் இரு அளவுகளும் ஒன்றாக இரா. இடப்பக்கமும் வலப்பக்கமும் சில மி.மீ. வேறுபடுவது கம்பெனியிலிருந்து வந்த கார்களிலும் இயல்பே. இரண்டில் சிறிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, பின்சக்கரத்தில் மிகச் சிறிய இடைவெளி 22 மி.மீ. என்று வந்தால், 20 மி.மீ. தட்டு "சரியாக" உட்காரும் என்று தோன்றும். ஆனால் வளைவில் டயர் நெளிவதற்கும் சஸ்பென்ஷன் புஷ்கள் அசைவதற்கும் இடம் விட்டு 15 மி.மீ.-இல் நின்றுவிடுவதே முறை.

அடுத்து, அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். ஒரு பின்சக்கரத்தையும் அதற்கு மூலைவிட்டத்தில் உள்ள முன்சக்கரத்தையும் அகலமான பலகைக் கட்டைகளின்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்தினால், கொண்டை ஊசி வளைவில் உடல் முறுகுவதற்கு ஓரளவு நெருங்கிய நிலை கிடைக்கும். அந்நிலையில் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயரின் முன்விளிம்பு பம்பரின் ஓரத்தையும் பின்விளிம்பு சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையையும் எவ்வளவு நெருங்குகின்றன என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுவதால், திரும்பும்போது டயர் முன்பைவிடப் பெரிய வட்டத்தில் சுழலும். எனவே விளிம்புக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டு முன்னும் பின்னும் பாராமல் விடுவது பாதி வேலை.

இரண்டாம் படி, சரியான வகையைத் தேர்தல். ஸ்பேசர்களில் இரண்டு வகைகள் உண்டு. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெறுமனே செருகப்படும் தட்டு ஒன்று. இதில் சக்கரத்தின் போல்ட்டுகளே தட்டையும் ஊடுருவி ஹப்பைப் பிடிக்கும். ஹப்பில் தனியாக முடுக்கப்பட்டு, சக்கரத்தைத் தாங்கத் தன் சொந்த ஸ்டட்டுகளை, அதாவது நட்டு ஏறும் மரைக்கம்பிகளை, கொண்டது மற்றொன்று. இது பொதுவாக 20 மி.மீ.-க்கு மேற்பட்ட கனத்தில்தான் கிடைக்கும். கம்பெனிச் சக்கரத்தோடு இரண்டாம் வகையைப் பயன்படுத்துவோர் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: ஹப்பின் பழைய ஸ்டட்டுகள் தட்டைத் தாண்டி வெளியே நீண்டால், அவை சக்கரத்தின் முதுகில் முட்டும். பல ரிம்களின் பின்புறத்தில் எடை குறைப்பதற்காகப் போல்ட் துளைகளுக்கு இடையே குழிவுகள் விடப்பட்டிருக்கும். ஆனால் எல்லா ரிம்களிலும் இரா. குழிவு இல்லாத ரிம்மை அதன்மேல் இறுக்கினால், முகம் படியாமலே நட்டு இறுகிவிட்டதாகக் கை ஏமாறும்.

தட்டின் நடுத்துளை ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் கழுத்தில் இம்மியும் ஆடாமல் அமர வேண்டும். போர்ஷேக்கு இந்தக் கழுத்தின் விட்டம் 71.6 மி.மீ.; மஸ்டாங்குக்கு 70.5 மி.மீ.; போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமான பி.சி.டி. முறையே 130 மி.மீ., 114.3 மி.மீ. சக்கரத்தை நடுவில் நிறுத்துவது கழுத்து. பிடித்து வைத்திருப்பது போல்ட்டின் இழுவிசையால் முகங்களுக்கு இடையே உண்டாகும் உராய்வு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 5 மி.மீ. தட்டு வைத்தால், கழுத்தின் மிச்சம் தட்டுக்கு வெளியே நீண்டு சக்கரத்தையும் தாங்கும். 15 மி.மீ. தட்டில் கழுத்து முழுதும் உள்ளே மறைந்துவிடும். ஆனால் தட்டின் வெளிமுகத்தில் அதற்கே உரிய புதுக் கழுத்து கடையப்பட்டிருக்கும். இடைப்பட்ட 8, 10 மி.மீ. தட்டுகளில்தான் சிக்கல்: பழைய கழுத்து தீர்ந்துபோகும், புதியதைக் கடைய உலோகம் போதாது. அத்தகைய தட்டை வாங்க நேர்ந்தால், சக்கரத்தின் நடுத்துளை ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருப்பதையும் கழித்துவிட்டு, உண்மையில் எத்தனை மி.மீ. கழுத்து சக்கரத்தைப் பிடிக்கிறது என்று வெர்னியரால் அளந்த பின்பே முடிவு செய்ய வேண்டும். இரண்டு மெல்லிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எந்நிலையிலும் ஆகாது.

ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ள லேத் பட்டறைகளில் இப்படியொரு தட்டை அரை நாளில் கடைந்து தருவார்கள். பட்டறைக்காரரின் கைத்திறமையில் குறை இல்லை. கடையப்படும் உலோகம் 6061-டி6 போன்ற வலுவேற்றப்பட்ட அலாயா, பழைய பாகத்தை உருக்கி வார்த்ததா என்பதற்குச் சான்று இல்லாததே குறை. ஜெர்மனியில் விற்கப்படும் தரமான ஸ்பேசர்கள், எந்தக் காருக்கு எந்தக் கனம் பொருந்தும் என்று குறிப்பிடும் டி.யூ.வி. என்ற சோதனை அமைப்பின் அறிக்கையோடு வருகின்றன. அதைக் கேட்டு வாங்குவது நல்லது. வாங்கியதும் மைக்ரோமீட்டரால் தட்டின் கனத்தை நான்கு இடங்களில் அளந்து பார்க்க, நான்கும் ஒன்றாக வர வேண்டும்.

மூன்றாம் படியான போல்ட்டைப் பற்றியே எல்லாவற்றிலும் அதிகம் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் சக்கரம் கழன்று ஓடும் விபத்து இங்கேதான் பிறக்கிறது. செருகு தட்டு வகையில் புதுப் போல்ட்டின் நீளம், பழைய போல்ட்டின் நீளத்தோடு தட்டின் கனத்தைக் கூட்டிய அளவாக இருக்க வேண்டும், 5 மி.மீ. தட்டுக்குப் பழைய போல்ட்டே போதும் என்பது தவறு. போல்ட்டின் மரை ஹப்பின் மரைக்குள் குறைந்தது தன் விட்டத்தின் அளவுக்கேனும் இறங்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. போர்ஷேயின் போல்ட் எம் 14 × 1.5, அதாவது 14 மி.மீ. விட்டமும், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. இறங்கும் மரையும் கொண்டது. ஆகவே விரலால் முடுக்கத் தொடங்கி, மரை கவ்வும் முதல் சுற்றிலிருந்து போல்ட்டின் தலை சக்கரத்தில் அமரும் வரை பத்துச் சுற்றுகள் கிடைக்க வேண்டும். புதிய பி.எம்.டபிள்யூ. கார்களின் எம் 14 × 1.25 போல்ட்டுக்கு அதே ஆழத்தை எட்டப் பன்னிரண்டு சுற்றுகள் ஆகும். எண்ணிக்கை குறைந்தால் போல்ட் குட்டை. அளவுக்கு மிஞ்சி நீண்டாலும் கேடுதான்: பல ஸ்போர்ட்ஸ் கார்களின் பின் டிஸ்க்குக்குள் கைப்பிரேக்கின் சிறு டிரம் ஒளிந்திருக்கிறது, நீளமான போல்ட் அதன் ஸ்பிரிங்கையோ ஷூவையோ சுரண்டும். போல்ட்டுகளை முடுக்கிய பின், கைப்பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, "டிக்" என்ற ஒலி எழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

போல்ட் தலையின் அடிப்பாகமும் ரிம்மின் குழியும் ஒரே வடிவில் இருந்தாக வேண்டும். போர்ஷேயில் அது பந்து போன்ற உருண்டை வடிவம்; பி.எம்.டபிள்யூ.விலும் மஸ்டாங்கிலும் கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்புப் போல்ட்டை முடுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடும். முதல்நாள், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு மறுநாள் இராது. மஸ்டாங்கில் போல்ட்டுக்குப் பதிலாக ஹப்பிலிருந்து நீளும் ஸ்டட்டும் அதன்மேல் நட்டும் இருப்பதால், செருகு தட்டு வைப்பதாயின் ஹப்பின் ஸ்டட்டுகளையே பிரஸ் மூலம் வெளியேற்றி நீளமானவற்றை ஏற்ற வேண்டியிருக்கும். அது வீட்டு வாசலில் செய்யும் வேலை அன்று.

பொருத்தும் நாளில் செய்ய வேண்டியவை ஒப்பீட்டளவில் எளியவை. எதிர்ச்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, போல்ட்டுகளைத் தரையில் வைத்தே சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யலாகாது. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்திலும் கழுத்திலும் படிந்த துருவைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று தேய்த்தெடுத்து, பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். ஒரு துருச் செதில் முகங்களுக்கு நடுவே சிக்கினாலும் சக்கரம் கோணும்; 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். குற்றம் வீல் பேலன்ஸின்மேல் விழும். பல டிஸ்க்குகளை ஹப்போடு பிடிக்கும் சிறு திருகின் தலை முகத்துக்கு மேலே நீண்டிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரும்பு ஹப்பும் அலுமினியத் தட்டும் மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், கழுத்தின்மேல் மட்டும் மெல்லிய பூச்சாக ஆன்டி-சீஸ் பசையைத் தடவலாம். படியும் முகங்கள் உலர்ந்தே இருக்க வேண்டும். மரைக்குப் பசை இடலாமா என்பதில் தயாரிப்பாளரின் கையேடே முடிவு. போர்ஷே கையேடு போல்ட்டின் மரைக்கும், தலைக்கும் சுழலும் உருண்டை வளையத்துக்கும் நடுவிலும் மெல்லிய அலுமினியப் பசை இடச் சொல்லி, அந்த வளையம் ரிம்மில் படியும் பரப்பில் இடக்கூடாது என்கிறது. ஏனைய பலர் உலர்ந்த மரைக்கே டார்க் அளவு தருகிறார்கள். உலர் அளவுக்குப் பசை இட்டு முடுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

தட்டைக் கழுத்தில் செருகி, கையால் ஆட்டிப் பார்த்து, சக்கரத்தை மாட்டி, எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் கடைசிவரை முடுக்கிய பின், ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் பாதி டார்க்கும், சக்கரம் தரையைத் தொட்டபின் முழு டார்க்கும் கொடுக்க வேண்டும். டார்க் என்பது முறுக்கு விசை; ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். போர்ஷே 718-க்கு 160 நியூட்டன் மீட்டர், பழைய 997, 987 கார்களுக்கு 130, மஸ்டாங்குக்கு 204. பங்க்சர் கடையின் காற்றுத் துப்பாக்கி இந்த எண்களை அறியாது. தனியாக முடுக்கப்படும் வகையில், தட்டை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், அவற்றைப் பின்னர் சோதிக்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். அதைத் தள்ளிப்போடும் சோம்பலே அந்த வகையின் உண்மையான குறை.

சோதனை ஓட்டத்துக்கு, மட்கார்டின் உள்விளிம்பிலும் சக்கர வளைவின் உறையிலும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டாணி அளவுக்கு ஆங்காங்கே ஒட்டிவிட்டு, முதலில் ஊர்ச் சாலையில் வேகத்தடைகளின்மேல் மெதுவாக ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். களிமண் நசுங்காமல் இருந்தால், காலை வேளையில், சாலையில் ஆள்நடமாட்டமும் வண்டிகளும் குறைவாக இருக்கும்போது வத்தல்மலையில் ஏறலாம். வேகம் இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. இரண்டாம் கியரில், ஸ்டியரிங் முழுதும் திரும்பிய நிலையில் ஊர்ந்தாலே வளைவு தன் வேலையைச் செய்துவிடும். பின்னிருக்கை உள்ள காராயின் அதிலும் ஆள் அமர்ந்து ஒருமுறை ஏற வேண்டும். மேலே சென்றதும் களிமண் துண்டுகளைப் பார்க்க, எங்கே தட்டையாகி டயரின் கோடுகள் பதிந்திருக்கின்றனவோ அங்கே இடம் போதவில்லை என்று பொருள். மட்கார்டின் விளிம்பை உள்ளே மடித்துத் தட்டிவிடலாம் என்று டிங்கரிங் கடையில் சொல்வார்கள். அதனால் பெயின்ட் வெடித்துத் துரு ஏறும் என்பதோடு, பிரச்சினை விளிம்பு அன்று, தட்டின் கனமே. மெல்லிய தட்டுக்கு மாறுவதே தீர்வு.

இறக்கத்தில் பிரேக் சூடேறும். அந்தச் சூடு ஹப் வழியே தட்டுக்கும் ஏறும். அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடைவதால், சூடான நிலையில் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு மெய்யளவு ஆகாது. அடிவாரத்தில் நிறுத்தி, கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ரிம் ஆறிய பிறகே போல்ட்டுகளைச் சோதிக்க வேண்டும். 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மறுபடியும் டார்க் பார்க்க வேண்டும். ஒரு போல்ட் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால், எல்லாவற்றையும் கழற்றி முகங்களில் அழுக்கோ கோணலோ உள்ளதா என்று பார்ப்பதே சரி, மேலும் இறுக்குவது அன்று.

கழற்றிய பழைய போல்ட்டுகளைத் துணியில் சுற்றிக் காரின் டிக்கியிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்டெப்னி உள்ள கார்களில் பங்க்சர் ஆனால், ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அந்தக் குட்டைப் போல்ட்டுகளாலேயே ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். நீளமான போல்ட்டால் மாட்டினால் அது உள்ளே எதிலாவது முட்டி நின்று, சக்கரம் இறுகாமலேயே இறுகியதாகத் தோன்றும். காரை வேறொருவரிடம் சர்வீஸுக்கு விடும்போது, எந்தச் சக்கரத்தில் எத்தனை மி.மீ. தட்டு, எந்த நீளப் போல்ட், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டு, அதை அவரிடம் வாயாலும் சொல்லிவிட வேண்டும்.